எண்ணெயின் காய்ச்சல்: திமிங்கிலத்தின் தலையிலிருந்து ஆரியங்காவு ஏற்றம் வரை

சங்கரன்கோவிலில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரியும். மழை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அப்பாலேயே பெய்து முடிந்துவிடும். இப்பக்கம் கரிசலும் செம்மண்ணும் கலந்த காய்ந்த நிலம். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை கானல்நீராய் மினுங்கும். இங்கிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் வண்டி, சமவெளியின் சூட்டைச் சுமந்துகொண்டே மலையேறுகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் வண்டிகளும் சரக்கு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும்போது, நடைவேகத்தில் நகரும் காரின் அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை. அதைச் சொல்லப் புகுந்தால் கடலுக்குப் போகாமல் தீராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கையால் கியர் மாற்றும் காரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது உலர்ந்த கிளட்ச் தட்டு. ஆட்டோமேட்டிக் காரில் அந்த இடத்தில் இருப்பது எண்ணெய். மூடிய ஓர் உருண்டைக் கலத்தினுள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கும். ஒன்றை எஞ்சின் சுழற்றும். அது வாரி இறைக்கும் எண்ணெய் மற்றதன் இதழ்களில் மோதி அதையும் சுழற்றும். நடுவில் எண்ணெயின் திசையைத் திருப்பிவிடும் மூன்றாவது விசிறி ஒன்றும் இருந்தால் அதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். இரும்பை இரும்பு தொடாமலே வலிமை கைமாறுகிறது. ஆனால் இரண்டாவது விசிறி முதல் விசிறியின் வேகத்தை ஒருபோதும் முழுமையாக எட்டுவதில்லை. அந்தப் பின்தங்கலில் தொலையும் ஆற்றல் எங்கே போகிறது? எண்ணெயின் சூடாகத்தான் போகிறது.

1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற மான்செஸ்டர்காரர் நீர் நிறைந்த கலத்தில் துடுப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு, கலக்குவதாலேயே நீர் சூடேறுகிறது என்று அளந்து காட்டினார். டார்க் கன்வெர்ட்டர் என்பது அந்தப் பரிசோதனையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கியது, அவ்வளவே. நமக்கு மத்தும் தயிரும் தெரியும். வாசுகியைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன் நஞ்சு வந்த கதையும் தெரியும். சங்கன், பதுமன் என்ற நாகர்கள் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊரைச் சேர்ந்தவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். கடைந்தால் சூடு வரும். எஞ்சின் 150 குதிரைத்திறன் தருகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு கன்வெர்ட்டரில் வழுகிப் போகிறது என்று கொள்வோம். பதினோரு கிலோவாட். பதினோரு இஸ்திரிப் பெட்டிகளை ஏழெட்டு லிட்டர் எண்ணெய்க்குள் ஒருசேரப் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

இந்த யோசனை காருக்காகப் பிறந்ததன்று. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல்கட்டும் நிறுவனமொன்றில் பணியாற்றியபோது, நீராவிச் சுழலியின் அதிவேகத்தைக் கப்பலின் மெதுவான உந்துசக்கரத்துக்கு இசைவிக்க வழி தேடினார். 1905இல் காப்புரிமை பெற்றார். கப்பலுக்குச் சூடு ஒரு பொருட்டே அன்று. சுற்றிலும் கடல்! எண்ணெயோ நீரோ எவ்வளவு காய்ந்தாலும் ஆற்றிவிட ஒரு பெருங்கடலே வெளியில் காத்திருக்கிறது. காரில் ஏறிய பிறகுதான் இக்கருவிக்குக் காய்ச்சல் ஒரு நோயாயிற்று.

1930இல் இங்கிலாந்தின் டெய்ம்லர் கார்களில் இதன் எளிய வடிவம் இடம்பெற்றது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ரமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிவித்தது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. அடுத்து நடந்தது போர். எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி ஆகிய இலகுரக டாங்குகளில் இரட்டைக் கேடிலாக் எஞ்சின்களும் ஹைட்ரமேட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. போர்க்களத்தில் தேறியது என்பதையே போருக்குப் பின் விற்பனை வாசகமாக்கிக்கொண்டது நிறுவனம். 1948இல் பியூக் கார்களில் டைனாஃப்ளோ என்ற பெயரில் முழுமையான டார்க் கன்வெர்ட்டர் வந்தது. ஓட்ட அவ்வளவு மென்மை, வீணாக்கும் சூடும் அவ்வளவு அதிகம். 1949இல் இத்தகைய பெட்டிகளுக்கென்றே டைப் ஏ என்ற எண்ணெய்த் தரத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்தது. எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறிய அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். இன்றும் வண்டிக்கடியில் சிவப்புச் சொட்டைக் கண்டால் மெக்கானிக் முகம் மாறுவது அதனால்தான்.

இந்தச் சிவப்பு எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று முரணான வேலைகள். கன்வெர்ட்டரில் அது வலிமையைக் கடத்த வேண்டும். வால்வுகளில் அழுத்தத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். பல்சக்கரங்களுக்கு வழவழப்பு தர வேண்டும். அதே நேரத்தில், எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகள் பற்றும்போது வழுக்கிவிடாமலும் இருக்க வேண்டும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். சாதாரண கனிம எண்ணெய் இந்த இரட்டை வேடத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு துணைப்பொருள் தேவைப்பட்டது. அது கடலிலிருந்து வந்தது.

ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பெருந்தலையில் ஒரு பேழை இருக்கிறது. வளர்ந்த ஆண் விலங்கில் அதனுள் ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட எண்ணெய் இருக்கக்கூடும். பார்வைக்கு எண்ணெய் என்றாலும் வேதியியலில் அது பெரும்பாலும் திரவ மெழுகு. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கிளிசரினோடு கட்டுண்டவை. சூட்டில் பிசினாகும், கெடும். திமிங்கிலத்தின் மெழுகு சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். குளிரில் எளிதில் உறையாது. கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தினால் கனிம எண்ணெயில் நன்கு கரையும். டைப் ஏ காலத்திலிருந்து 1967இல் வந்த டெக்ஸ்ரான் வரை அமெரிக்க கியர்பாக்ஸ் எண்ணெய்களில் கலந்திருந்தது இதுதான். மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலின் வெண்திமிங்கிலமும் இதே இனம். அந்நாவலைப் படித்துவிட்டு அதெல்லாம் பாய்மரக் காலத்துக் கதை என்று மூடிவைத்த வாசகர்கள், 1960களின் பளபளக்கும் போண்டியாக் காருக்குள்ளும் அந்த விலங்கு இருந்தது என்பதை அறிந்தால் திடுக்கிடுவார்கள்.

பள்ளிப்பாட நூல்கள் தொடங்கி வணிக இதழ்கள் வரை விடாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார், மண்ணெண்ணெய் விளக்கு வந்தது, திமிங்கிலங்கள் பிழைத்தன என்பது அது. கேட்க இனிமையான கதை. ஆனால் ஸ்பெர்ம் திமிங்கிலங்களைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறு. விளக்கெரிக்கக் கொன்ற நூற்றாண்டைவிட, பெட்ரோலியம் பெருகி ஓடிய இருபதாம் நூற்றாண்டில்தான் அவை மிகுதியாகக் கொல்லப்பட்டன. நீராவிக் கப்பலும் வெடி ஈட்டியும் வந்த பிறகு வேட்டை தொழிற்சாலை வேலையாயிற்று. 1960களின் நடுவில் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் வீழ்ந்தன. பெட்ரோலியம் விளக்கிலிருந்து திமிங்கிலத்தை விடுவித்தது உண்மை. பெட்ரோலியத்தில் ஓடிய இயந்திரம் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் உண்மை.

அந்த 1960களே அமெரிக்கத் தெருக்களில் குதிரைத்திறன் வெறி தலைக்கேறிய காலம். 1964இல் போண்டியாக் ஜிடிஓ வந்தது. நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைத் திணித்துக் குறைந்த விலைக்கு விற்கும் போக்கு பரவியது. இளைஞர்கள் அந்தக் கார்களை மேலும் முறுக்கேற்றினார்கள். நேர்ச்சாலைப் பந்தயத்தில் புறப்படும் வேகம் கூட வேண்டுமென்று, எஞ்சின் அதிக சுழற்சி அடைந்த பிறகே இறுகப் பற்றும் கன்வெர்ட்டர்களைப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட கன்வெர்ட்டர் தெருவில் மெதுவாக ஓடும்போது எப்போதும் வழுகிக்கொண்டே இருக்கும். பந்தயத்துக்குப் பத்து விநாடி நன்மை, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காய்ச்சல்!

இச்சூட்டைத் தணிக்க ஆலைகள் செய்த ஏற்பாடு, ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் ஒரு குழாயை வைத்து அதன் வழியே கியர்பாக்ஸ் எண்ணெயை ஓடவிடுவது. சிக்கனமான வழி, காலையில் எண்ணெயை விரைவில் வெதுவெதுப்பாக்கவும் உதவும். ஆனால் ரேடியேட்டர் நீர் தொண்ணூறு டிகிரியில் இருக்கையில் எண்ணெய் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. எனவே வேகப்பிரியர்கள், ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும் இடத்தில் தனியாக ஓர் ஆயில் கூலரை வைத்து, ரேடியேட்டரிலிருந்து வரும் எண்ணெயை அதன் வழியாகவும் செலுத்தினார்கள். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. குளிர்நாடுகளில் எண்ணெய் அளவுக்கு மீறி ஆறிக் கெட்டிப்படாமலிருக்க, குறிப்பிட்ட சூடு வரும்வரை கூலரைத் தவிர்த்துச் செல்லும் வால்வு ஒன்றையும் சேர்ப்பதுண்டு.

எவ்வளவு சூடு தகும்? எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய் நலமாக இருக்கும். நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால் வால்வுகளில் வார்னிஷ் போன்ற பழுப்புப் படலம் படியத் தொடங்கும். நூற்று முப்பதுக்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகும். நூற்றைம்பதை நெருங்கினால் கிளட்ச் தட்டுகள் கருகும்; தீய்ந்த ரொட்டி வாசனை வரும். மெக்கானிக்குகள் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள்: எண்பது டிகிரியில் எண்ணெய் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் உழைக்கும், அதன் பிறகு ஒவ்வொரு பதினோரு டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். அப்படியானால் நூற்றிருபத்து நான்கில் மிஞ்சுவது பத்தாயிரம் கிலோமீட்டர். ஆய்வகத் துல்லியம் இக்கணக்குக்குக் கிடையாது. ஆனாலும் வேதிவினைகள் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இருமடங்காகும் என்ற பொதுவிதியை, அதை ஒருநாளும் பாடமாகப் படித்திராத கைகள் பட்டறையிலேயே கண்டுகொண்டதன் அடையாளம் அது. எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

1970இல் அமெரிக்க அரசு பெருந்திமிங்கிலங்களை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 1972இல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 1973இல் அழியும் உயிரினச் சட்டம். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1972ஆம் ஆண்டினதே. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் திமிங்கில மெழுகின்றி ஓர் எண்ணெயைச் சமைத்தாக வேண்டிய நிலை. டெக்ஸ்ரானின் இரண்டாம் வடிவம் அவ்வாறு வந்தது. வந்த சூட்டோடு கியர்பாக்ஸ்கள் பழுதாகும் சேதிகளும் வந்தன.

இவ்விடத்தில் வேகப்பிரியர்களிடையே ஒரு புலம்பல் இன்றும் உலவுகிறது: திமிங்கிலத்தைக் காப்பாற்றப் போய்க் கார்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று. அரசு தலையிட்டால் இப்படித்தான் என்ற பின்குறிப்பும் தவறாமல் ஒட்டியிருக்கும். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. புதிய எண்ணெயில் குறை இருந்தது உண்மை. ஆனால் அக்குறை முக்கியமாக வெளிப்பட்ட இடம் ரேடியேட்டருக்குள் இருந்த அந்தச் சிறு குழாய். புதிய கலவை அதன் ஈயப் பற்றை அரித்தது. துளை விழுந்ததும் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலந்தது. கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு என்பது பிசினில் ஊறவைத்த ஒருவகைக் காகிதம். நீர் பட்டால் பசை விட்டுப் போகும். பெட்டி போனது சூட்டைத் தணிக்க வைத்த கருவியின் வழியாகவே! அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்த திருத்தப்பட்ட கலவை சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

மற்றொரு காரணத்தைப் புலம்புவோர் சொல்வதே இல்லை. அதே ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின்களை முன்னைவிடச் சூடாக ஓடவிட்டார்கள். ரேடியேட்டர் நீரின் வெப்பநிலை உயர்ந்தது. கீழ்க் கியர்களில் தீப்பொறியைத் தாமதப்படுத்தியதால் நீருக்குள் மேலும் சூடு இறங்கியது. அந்த நீரை நம்பித்தான் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆற வேண்டியிருந்தது. பழைய எண்ணெய்க்கு இச்சோதனை அவ்வளவாக நேரவில்லை. திமிங்கிலம் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.

மாற்று எங்கே கிடைத்தது? ஒரு பங்கு ஆய்வகத்தில், செயற்கை எஸ்டர்களாக. மற்றொரு பங்கு பாலைவனத்தில். அமெரிக்காவின் சொனோரா பாலையில் வளரும் ஹொஹோபா என்ற புதர்ச்செடியின் விதையெண்ணெயும் திரவ மெழுகே, திமிங்கிலத் தலையில் உள்ளதற்கு நெருங்கிய உறவு. இந்த ஒற்றுமை 1930களிலேயே அரிசோனா பல்கலைக்கழகத்தில் அறியப்பட்டிருந்தும், தடை வந்த பிறகுதான் எல்லோருக்கும் அதன் நினைவு வந்தது. இந்தியாவில் ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆய்வு நிறுவனம் இச்செடியை வளர்த்துப் பார்த்தது. ராஜஸ்தானில் தோட்டங்களும் உண்டாயின. இன்று அந்த எண்ணெயின் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்குப் போகாமல் அழகுக் களிம்புகளுக்குப் போகிறது என்பது வேறு வேடிக்கை.

1973 என்றதும் நம் வட்டாரத்தார்க்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். அவ்வாண்டு சனவரியில், சங்கரன்கோவிலுக்குத் தென்கிழக்கே, மணப்பாடு கடற்கரையை ஒட்டி 147 திமிங்கிலங்கள் கரையொதுங்கின. அவை ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் அல்ல. பைலட் திமிங்கிலம் எனப்படும் சிறிய இனம். 2016 சனவரியில் அதே கரையில் எண்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பிவந்து மாண்டன. இந்த இனத்தின் தாடையிலிருந்தும் தலையிலிருந்தும் எடுத்த எண்ணெயைத்தான் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு நகரத்தார் கைக்கடிகாரங்களுக்கும் கப்பல் காலமானிகளுக்கும் மிக நுண்ணிய மசகாகப் பல தலைமுறைகள் விற்றார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலமோ நம் சித்த மருத்துவத்துக்கு வேறு வழியில் பழக்கம். அதன் குடலில் விளையும் மீனம்பருக்கு இன்று தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பகுதிகளில் அடிக்கடி கைது நடக்கிறது. தலையின் மெழுகுக்காகத் துரத்தியவர்கள் ஓய்ந்தும் குடலின் பிசுக்குக்காக அலைபவர்கள் ஓயவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சலோடு மல்லுக்கட்டியவர்கள் நெடுங்காலம் கார்க்காரர்கள் அல்லர், ஆவடிக்காரர்கள். ஆட்டோமேட்டிக் கார் இங்கே பணக்காரர் வீட்டு அபூர்வமாக இருந்த நாளில், ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனத்தார் அர்ஜுன் டாங்கை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1974இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. ஜெர்மனியின் எம்டியு எஞ்சின் 1,400 குதிரைத்திறன். ரெங்க் நிறுவனத்தின் கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டருடன். குளிர்ந்த ஐரோப்பாவுக்கென வளர்ந்த இந்த ஜோடியைத் தார்ப் பாலைவனத்தில் ஓட்டியபோது முன்மாதிரிகள் சூடேறித் தவித்தன. வெளிக்காற்றே நாற்பத்தைந்து டிகிரியாக இருக்கும் இடத்தில் குளிர்விப்பான் எதைக் கொண்டு குளிர்விக்கும்? குளிர்விப்பு முறையையே திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. 2000இல் 124 டாங்குகளுக்கு ஆணை கிடைத்தது. 2004இல் முதல் தொகுதி படையில் சேர்ந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சூட்டைக் கேலி செய்தவர்கள் அந்த மணலில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும்.

சங்கரன்கோவில் தெருக்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எண்ணெய் தொண்ணூறு டிகிரி, வெளிக்காற்று இருபது என்றால் வித்தியாசம் எழுபது. இதே எண்ணெய், காற்று நாற்பத்திரண்டு என்றால் வித்தியாசம் நாற்பத்தெட்டுதான். அதே கூலர் மூன்றில் இரண்டு பங்கு வேலையே செய்யும். அதன் முன்னால் ஏசி கண்டென்சர் வேறு தன் சூட்டை ஊதிக்கொண்டிருக்கும். புளியரை தாண்டி வண்டி ஊர்கையில் எதிர்க்காற்றும் இல்லை. கன்வெர்ட்டரோ பூட்டிக்கொள்ளாமல் வழுகிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டு விளக்கப்படத்தைப் பார்த்துக் கூலரின் அளவைத் தேர்ந்து, எஞ்சினுக்கு முறுக்கேற்றி, கம்பீரமாக மலையேறும் இளைஞர்கள் பாதி வழியில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்பதன் காரணம் இதுவே. இங்கே ஒரு படி பெரிய கூலரும், அதற்கென்று தனி மின்விசிறியும், எண்ணெய்ச் சட்டியில் ஒரு வெப்பமானியும் ஆடம்பரம் ஆகா. ஏற்றத்தில் கீழ்க் கியரிலேயே வைத்து ஓட்டினாலும் வழுகல் குறையும். அது செலவில்லாத மருந்து.

2014க்குப் பின் சிறு கார்களில் வந்த ஏஎம்டி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சை இயந்திரக் கை மிதிப்பது. எண்ணெய்க்குப் பதில் கிளட்ச் தட்டு காயும். இரட்டைக் கிளட்ச் கொண்ட விலையுயர்ந்த வகையிலோ வேறொரு பாடம். 2013இல் ஃபோக்ஸ்வாகன், ஏழு கியர் கொண்ட தன் டிஎஸ்ஜி பெட்டிகளில் இருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுப் பழைய கனிம எண்ணெயை ஊற்றித் தருவதாக உலகெங்கும் சுமார் பதினாறு லட்சம் வண்டிகளுக்கு அறிவித்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று நகரும் நெரிசலில், செயற்கை எண்ணெயோடு அப்பெட்டியின் மின்னிணைப்பில் கோளாறு எழக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இனி மின்கார்களின் காலம், கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஒழியவில்லை. பல மின்கார்களில் வேகம் குறைக்கும் பல்சக்கரங்களுக்கும் மோட்டாருக்கும் ஒரே எண்ணெய்; சூடேறும் செம்புச் சுருள்களின் மேலேயே அதைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். ஆகவே ஆய்வகங்களில் இப்போது செம்புக் கம்பியைச் சூடான எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறவைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள்.